ஐந்து பேர் இருக்கும் ஒரே அறை வீட்டில் ஆன்லைன் கவுன்சிலிங்

கொருக்குப்பேட்டையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 26. சௌகார்பேட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறார். நாலைந்து மாதமாகத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடப்பு, விரல் நுனி மரத்துப்போவது, உயிர் போகிற மாதிரி ஒரு பயம். இரண்டு முறை நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். இரண்டு முறையும் ஈசிஜி நார்மல். இரண்டாவது தடவை பார்த்த டாக்டர், "நெஞ்சுல ஒண்ணும் இல்லப்பா, கவுன்சிலிங் போ" என்று அனுப்பிவிட்டார். நேரில் போக இவருக்கு மனம் வரவில்லை. ஏரியா பசங்க யாராவது பார்த்துவிட்டால் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று பேர் வைத்துவிடுவார்களோ என்ற பயம். அதனால் கேட்கிறார்: ஆன்லைனில் எடுத்தால் வேலைக்கு ஆகுமா? அனுபவமுள்ள கவுன்சிலர் என்று எப்படித் தெரிந்துகொள்வது? கடைசியாக, கொஞ்சம் கூச்சத்தோடு: "வீட்டில் ஐந்து பேர், ஒரே ரூம். எங்கே உட்கார்ந்து பேசுவது?"

தம்பி, அந்தக் கடைசிக் கேள்வியில் இருந்தே தொடங்குகிறேன். தண்டையார்பேட்டையில் 14 வருடமாகக் கவுன்சிலிங் செய்கிறேன். 2020 லாக்டவுனுக்குப் பிறகு பாதிக்கு மேல் போனிலும் வீடியோவிலும்தான். நம் பக்கத்து ஜனங்கள் ஆன்லைன் கவுன்சிலிங்கைப் பாதியில் விடுவது நெட் சரியில்லாமல், காசு இல்லாமல் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். அதுவும் உண்டு. ஆனால் நான் பார்த்தவரை அதிகம் பேர் விட்டது, சாத்திக்கொள்ள ஒரு கதவு இல்லாததால்.

லாக்டவுனின் முதல் மாதத்தில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். (இங்கே சொல்லும் எல்லாருடைய அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன்.) கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத பெண். அதற்கு முன் நேரில் நாலு தடவை வந்திருந்தார். வீடியோ வந்ததும், என் அறையில் கேட்பது போலவே, "மாமியாரோட இப்ப எப்படிம்மா போகுது?" என்று கேட்டுவிட்டேன். ஒரு வினாடி என்னையே பார்த்தார். பிறகு, "ரொம்ப நல்லாப் பாத்துக்குறாங்க மேடம்" என்றார். குரலே வேறாக இருந்தது. மாமியார் இரண்டடி தள்ளி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்திருக்கிறார், போன் ஸ்பீக்கரில். அடுத்த வாரம் அந்தப் பெண் வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை. நேரில் என்றால் கதவைச் சாத்துவது என் வேலை. ஆன்லைனில் கதவு அவர்கள் வீட்டில் இருக்கிறது, ஆனாலும் அதைக் கவனிக்கிற பொறுப்பு என்னுடையதுதான் என்பது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. இப்போதெல்லாம் என் முதல் கேள்வி, ஆமாம் இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லக்கூடியதாக இருக்கும்: "பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

சரி, எங்கே உட்காருவது? என்னிடம் பேசியவர்கள் உட்கார்ந்த இடங்களைச் சொல்கிறேன். மொட்டை மாடியில் தண்ணீர் டேங்க் மறைவு. ஷட்டரைப் பாதி இறக்கிய ஜெராக்ஸ் கடை. ஓரமாக நிறுத்திவைத்த அப்பாவின் ஆட்டோ, இரண்டு பக்கமும் படுதாவை இறக்கிவிட்டு. ஹவுசிங் போர்டு பிளாக்கில் கடைசி மாடிக்கு மேலே போகிற படிக்கட்டு. அங்கே மேலே வருகிற ஆள் சத்தம் முன்கூட்டியே கேட்கும், அது ஒரு வசதி. காசிமேட்டுக் கடலோரப் பாறைக்கல்லில் உட்கார்ந்து ஒருவர் முயன்றார். காற்று மைக்கில் அடித்து எனக்கு ஒன்றும் புரியவில்லை. நடந்துகொண்டே பேசுகிறவர்களும் உண்டு, அது நல்லதுதான், ஆனால் எண்ணூர் ஹைரோட்டில் வேண்டவே வேண்டாம். கன்டெய்னர் லாரி போகிற ரோட்டில் காதை அடைத்துக்கொண்டு நடக்க நான் சம்மதிப்பதில்லை. உங்களுக்கு எனக்குத் தோன்றுவது கடை. வாரத்தில் ஒரு நாள், "கணக்கை டேலி பண்ணிட்டு நானே பூட்டிட்டுப் போறேன்" என்று சொன்னால் எந்த முதலாளி வேண்டாம் என்பார்?

ஹெட்போன் கட்டாயம். பழைய ஒயர் ஹெட்போன் போதும். அதைப் போட்டால் கவுன்சிலர் பேசுவது வெளியே கேட்காது. அவர் கேள்வி எவ்வளவு அந்தரங்கமாக இருந்தாலும் பிரச்சினை இல்லை, உங்கள் பதில்தான் பக்கத்தில் இருப்பவர் காதில் விழும். அதனால் பதிலை எண்ணில் சொல்லப் பழகிக்கொள்ளலாம். "இன்னிக்கு பயம் பத்துக்கு எவ்வளவு?" "ஏழு." கேட்கிற அம்மாவுக்கு அது விக்கெட் கணக்காக இருந்துவிட்டுப் போகட்டும். வாயால் சொல்ல முடியாததை சாட்டில் டைப் செய்யலாம். அப்புறம் ஒரு குறிப்புச் சொல் பேசிவைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலைக்குப் பொருத்தமாக, "ஸ்டாக் நாளைக்குப் பாத்துச் சொல்றேன் சார்" என்றால் யாரோ வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அதைக் கேட்டதும் கவுன்சிலர் பேச்சை மாற்ற வேண்டும், அல்லது வைத்துவிட வேண்டும். முக்கியமாக, அவராகத் திரும்பக் கூப்பிடக் கூடாது.

இடம் அமையாதவர்களுக்குச் சில சமயம் நேரம் அமையும். காசிமேட்டில் ஒரு அம்மா. வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். போனால் திரும்பி வர ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அந்த நாட்களில் மீன் விற்றுவிட்டு வந்து, குளித்து, பிள்ளைகள் ஸ்கூலில் இருந்து வருவதற்குள் மதியம் இரண்டு மணிக்குப் பேசுவார். பேசுகிற விஷயமே வீட்டுக்காரரின் குடியும் கையும்தான். ஏப்ரல் 15-இல் தடைக்காலம் தொடங்கினால் ஜூன் 14 வரை 61 நாள் படகு கடலுக்குப் போகாது, மனிதர் வீட்டிலேயே இருப்பார். இதை நாங்கள் மார்ச் மாதமே உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அந்த இரண்டு மாதமும் வாரம் ஒருமுறை என்பதை விட்டுவிட்டு, அவர் திருவொற்றியூரில் அக்கா வீட்டுக்குப் போகிற நாளில் மட்டும் பேசினோம். போனில் என் பெயரை டெய்லர் என்று பதிந்துவைத்திருந்தார். இந்த மாதிரி ஏற்பாடு எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை, ஆனால் அந்த வருடம் சிகிச்சை அறுந்துபோகாமல் இருந்தது இதனால்தான்.

ஆடி மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் செஷன் வைப்பதே இல்லை. கூழ் ஊற்றுகிற தெருவில் குழாய் ஸ்பீக்கர் கட்டிவிட்டால் அம்மன் பாட்டைத் தாண்டி யாருடைய கவலையும் என் காதுக்கு வந்து சேராது.

இப்போது உங்கள் முதல் கேள்வி. பலன் உண்டா? நீங்கள் சொல்கிற தொல்லைக்கு, உண்டு. பதற்றம், மனச்சோர்வு, திடீர் பீதி இவற்றுக்கு வீடியோவிலும் போனிலும் செய்கிற சிகிச்சையை நேரில் செய்வதோடு ஒப்பிட்டுப் பல ஆய்வுகள் வந்துவிட்டன. பெரும்பாலானவற்றில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. எட்வர்ட் போர்டின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979-இல் எழுதிய ஒரு கட்டுரையை இன்றும் எங்கள் தொழிலில் பேசுகிறோம். எதை அடையப் பேசுகிறோம், அதற்கு என்னென்ன செய்யப்போகிறோம், இந்த ஆளை நம்பலாமா, இந்த மூன்றிலும் இரண்டு பேருக்கும் மனம் ஒத்துப்போனால் சிகிச்சை ஓடும் என்பது அதன் சாரம். மூன்றையும் போனிலேயே கட்டலாம்.

இழப்பும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். திரையில் எனக்கு நெஞ்சு வரைக்கும்தான் தெரியும். நேரில் என்றால் கால் ஆடுவது, கைக்குட்டையை முறுக்குவது, லேசாக வருகிற சரக்கு வாடை எல்லாம் வாசலில் நுழையும்போதே தகவல் சொல்லிவிடும். ஆன்லைனில் இவற்றைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். "இப்ப உங்க கால் என்ன பண்ணிட்டிருக்கு?" என்று நான் கேட்பது சிலருக்குச் சிரிப்பாக இருக்கும். கீழே பார்த்துவிட்டு, "ஆமா மேடம், ஆடிட்டிருக்கு" என்பார்கள். அங்கிருந்து பேச்சு வேறு ஆழத்துக்குப் போகும். மௌனமும் அப்படித்தான். நேரில் ஒருவர் பேசாமல் இருந்தால் அழுகிறாரா, யோசிக்கிறாரா என்று தெரியும். போனில் அது நெட் போனதா, தொண்டை அடைத்ததா என்றே தெரியாது. பழகாத கவுன்சிலர் உடனே "ஹலோ, ஹலோ, கேக்குதா?" என்று அந்த மௌனத்தை உடைத்துவிடுவார். பழகியவர், "நான் லைன்லதான் இருக்கேன், மெதுவாச் சொல்லுங்க" என்று ஒருமுறை சொல்லிவிட்டுக் காத்திருப்பார்.

உங்களுக்கு வருவது பீதித் தாக்கு, பேனிக் அட்டாக் என்று சொல்வார்களே, அதுபோலத்தான் தெரிகிறது. இங்கிருந்தே நான் முடிவு கட்டக் கூடாது, ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லலாம். ஏதோ ஒரு சின்ன அசைவு, வெயிலில் வந்ததாலோ தூக்கம் கெட்டதாலோ நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடிக்கிறது. "ஐயோ, ஹார்ட்டு" என்று மனம் சொல்கிறது. உடம்பு உடனே அட்ரினலினைக் கொட்டுகிறது, அடிப்பு இன்னும் ஏறுகிறது. மூச்சை வேகமாக இழுத்து விடுவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது; விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போவது, தலை கிறுகிறுப்பது அதனால்தான். அதைப் பார்த்து மனம் "நான் சொன்னேன் பாத்தியா" என்கிறது. பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய்விட்டு, தானாகவே இறங்கும். நீங்கள் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும்போது அது இறங்க ஆரம்பித்திருக்கும். ஆஸ்பத்திரிக்கு வந்ததால்தான் பிழைத்தோம் என்று மனம் கணக்கு எழுதிக்கொள்ளும். அந்தத் தப்புக் கணக்கைத் திருத்துவதுதான் சிகிச்சை.

டோல்கேட் பக்கம் ஒரு பையன். வேலை அண்ணா சாலையில். மெட்ரோவில் போகும்போது பாதாளத்தில் ஒருமுறை பீதி வந்தது, அன்றிலிருந்து மெட்ரோ பக்கமே போவதில்லை. இரண்டு பஸ் மாறி, டிராஃபிக்கில் வெந்து, தினமும் லேட். அந்த லைனைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்: டோல்கேட்டும் புது வண்ணாரப்பேட்டையும் மேலே, பாலத்தில் இருக்கின்றன, அதற்கடுத்த தண்டையார்பேட்டைக்கு வண்டி பூமிக்குள் இறங்கிவிடும். நாங்கள் அந்தப் பாதையையே படிக்கட்டாக எடுத்துக்கொண்டோம். முதல் வாரம் டிக்கெட் எடுத்து பிளாட்பாரத்தில் உட்கார்ந்து மூன்று வண்டியை அனுப்பிவைக்க வேண்டும், ஏறக் கூடாது. இரண்டாவது வாரம் ஒரே ஸ்டேஷன், டோல்கேட்டில் ஏறிப் புது வண்ணாரப்பேட்டையில் இறங்குவது. நான் அவர் காதில் போனில் இருந்தேன். பயம் எத்தனை என்று கேட்பேன், அவர் எண்ணைச் சொல்வார், அவ்வளவுதான்.

அந்த வாரக் கடைசியில், "உங்க குரல் இருந்தா தைரியமா இருக்கு மேடம்" என்றார். அங்கேதான் நான் உஷாரானேன். என் குரல் அவருக்குத் தாயத்தாகிக்கொண்டிருந்தது. தாயத்துக் கட்டிக்கொண்டு சுடுகாட்டைத் தாண்டுகிறவனுக்குப் பேய் பயம் போகாது. தாயத்து இருந்ததால் பேய் வரவில்லை என்றுதான் நினைத்துக்கொள்வான். மூன்றாவது வாரம், புது வண்ணாரப்பேட்டையில் கதவு மூடியதும் அவரே போனைத் துண்டிக்க வேண்டும், தண்டையார்பேட்டையில் இறங்கி, மேலே வந்து, பிறகு கூப்பிட வேண்டும் என்று பேசிக்கொண்டோம். துண்டித்தார். ஒரு ஸ்டேஷனுக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். ஐந்து நிமிடம் ஆயிற்று. எட்டு ஆயிற்று. நான் நாற்காலியை விட்டு எழுந்து அறைக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டேன். பத்தாவது நிமிடம் போன். "வந்துச்சு மேடம். ஒன்பது வரைக்கும் போச்சு. நான் ஒண்ணும் பண்ணல, கம்பியப் புடிச்சிட்டு நின்னேன். அதுவா இறங்குச்சு. மேல வந்து டீ சாப்பிட்டேன், அதான் லேட்." என் அறையில் எதிரெதிரே உட்கார்ந்து இதைச் செய்திருக்க முடியாது. பயம் எங்கே இருக்கிறதோ அந்த இடத்துக்குக் கூடவே போக முடிகிறது, இதுதான் போனில் எனக்குக் கிடைத்த பெரிய வசதி.

டீ என்றதும் ஞாபகம் வருகிறது. கவுன்சிலிங் தொடங்குவதற்கு முன் ஒரு பொது மருத்துவரிடம் தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும். அப்புறம், கடையில் ஒரு நாளைக்கு எத்தனை டீ? மொத்தக் கடைகளில் பார்ட்டி வரும்போதெல்லாம் டீ சொல்வார்கள். என்னிடம் வந்த ஒருவர் எண்ணிப் பார்த்து ஒன்பது என்றார். மதியத்துக்கு மேல் டீயை நிறுத்தியதிலேயே அவருக்குத் தூக்கம் பாதி திரும்பியது.

இனி, அனுபவசாலியைக் கண்டுபிடிப்பது. முதலில் பெயர்ப்பலகைக் குழப்பம். சைக்கியாட்ரிஸ்ட் என்றால் எம்பிபிஎஸ் முடித்து மனநல மருத்துவம் படித்த டாக்டர். டாக்டர் என்பதால் இவர் மாத்திரை எழுதலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், ஆர்சிஐ என்று சொல்கிற இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும்; பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி அவர்கள் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். கேட்டால் கோபித்துக்கொள்கிறவரை விட்டுவிடுங்கள். கவுன்சிலர் என்ற பெயருக்குத்தான் சிக்கல். உளவியலில் எம்எஸ்சி முடித்து, வருடக்கணக்கில் மேற்பார்வையில் பயிற்சி எடுத்தவரும் கவுன்சிலர், வார இறுதி ஆன்லைன் கோர்ஸ் சர்டிபிகேட்டை ஃபிரேம் போட்டவரும் கவுன்சிலர். அதனால் படிப்பைக் கேளுங்கள், எங்கே பயிற்சி எடுத்தார் என்று கேளுங்கள், "உங்களுக்கு சூப்பர்வைசர் உண்டா?" என்றும் கேளுங்கள். நல்ல கவுன்சிலர் எத்தனை வருடமானாலும் தன் கேஸ்களைப் பெயர் சொல்லாமல் மூத்தவர் ஒருவரிடம் வைத்துப் பேசுவார். நானும் மாதம் இரண்டு தடவை போகிறேன்.

வருடக் கணக்கை மட்டும் நம்பிவிடாதீர்கள். இருபது வருடம் ஒரே தப்பைச் செய்துகொண்டிருப்பவரும் இருபது வருட அனுபவசாலிதான். என்னைக் கேட்டால், ஆன்லைனில் அனுபவம் தெரிவது முதல் பதினைந்து நிமிடத்தில் அவர் எதைக் கேட்கிறார் என்பதில். இப்போது எங்கே இருக்கிறீர்கள், முகவரி என்ன, லைன் கட்டானால் யார் யாரைக் கூப்பிடுவது, அவசரத்துக்கு உங்கள் வீட்டில் யாருடைய நம்பரைத் தருவீர்கள், செத்துப்போகலாம் என்று எப்போதாவது தோன்றியதுண்டா? இந்தக் கடைசிக் கேள்வியை நேராகக் கேட்கத் தயங்குகிறவர் இந்த வேலைக்கு இன்னும் பழகவில்லை. கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்டால் பலருக்குப் பாரம் இறங்கும். இன்னொரு அடையாளம், "இது என்னால் ஆகாது, நீங்கள் டாக்டரைப் பாருங்கள்" என்று சொல்லத் தெரிந்திருப்பது.

விலகி ஓடவேண்டிய ஆட்கள்: மூன்றே செஷனில் குணம் என்கிறவர், இருபது செஷனுக்கு இன்றைக்கே மொத்தமாகப் பணம் கட்டச் சொல்கிறவர், "உங்க ஏரியா பொண்ணு ஒண்ணு இப்படித்தான்" என்று அடுத்தவர் கதையைச் சொல்கிறவர் (நாளைக்கு உங்கள் கதை), டாக்டர் இல்லாமலே வாட்ஸ்அப்பில் மாத்திரைப் பெயர் அனுப்புகிறவர், எல்லாவற்றுக்கும் "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்று முடிக்கிறவர். செயலிகள் பற்றியும் ஒரு வார்த்தை. சிலவற்றில் நல்லவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஆளைத் தேர்ந்தெடுக்க விடாமல், கூப்பிடும்போதெல்லாம் வேறு வேறு ஆள் வந்தால் அது உங்களுக்கு உதவாது. முதல் வாரம் சொன்ன கதையை மூன்றாவது வாரமும் முதலில் இருந்து சொல்லிக்கொண்டிருப்பீர்கள். நான் சில மாதம் அப்படி ஒரு செயலிக்கு வேலை பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் எத்தனை பேருக்குப் பதில் போட்டேன் என்று கணக்குக் கேட்டார்கள். விட்டுவிட்டேன்.

கட்டணம் தனியாரிடம் சில நூறு ரூபாயில் இருந்து இரண்டாயிரத்துக்கு மேலும் போகிறது. சலுகைக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள், பல பேர் வைத்திருப்போம், வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஒரு செஷன் 45, 50 நிமிடம். உங்கள் தொல்லைக்கு வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு வரை ஆகலாம். ஐந்தாறு முடிந்ததும் "எனக்கு என்ன மாறியிருக்கிறது?" என்று இருவரும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒன்றும் மாறவில்லை என்றால் அதைச் சொல்லுங்கள். கவுன்சிலர் மனம் நோகுமே என்று, நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே ஒரு நாள் காணாமல் போகிறவர்கள் நம் ஊரில் அதிகம். ஜிபே-யில் பணம் அனுப்பினால் பெயரும் தேதியும் நிற்கும், பேங்க் மெசேஜ் வரும். உங்கள் போனை வீட்டில் எல்லோரும் எடுப்பார்கள் என்றால் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள். வெளியில் சொல்வார்களோ என்ற பயம் வேண்டாம். 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டமே சிகிச்சை விவரம் ரகசியமாக இருக்க வேண்டும் என்ற உரிமையைத் தருகிறது. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றாலும், குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடக்கிறது என்று தெரிந்தாலும் மட்டும் ரகசியம் காக்க முடியாது. இதை முதல் நாளே சொல்லிவிடுகிறவர்தான் சரியான ஆள்.

எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் ஆன்லைன் பொருந்தாது. காதில் குரல் கேட்கிறது என்கிறவர், நாள் கணக்கில் தூங்காமல் தாறுமாறாகச் செலவழித்துக்கொண்டு துள்ளுகிறவர், சாவதற்கு வழிவகை யோசித்துவைத்துவிட்டவர், இவர்களெல்லாம் நேரில் டாக்டரைப் பார்க்க வேண்டும். பல வருடமாகத் தினமும் குடிக்கிறவர் கவுன்சிலர் சொன்னார் என்று வீட்டிலேயே ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதை ஆஸ்பத்திரியில், மருந்தோடுதான் நிறுத்த வேண்டும்.

கீழ்ப்பாக்கம் என்று பயப்படுகிறீர்களே, அந்த மனநல மருத்துவமனை 1794-இல் தொடங்கியது. இருப்பது மேடவாக்கம் டேங்க் ரோட்டில், அயனாவரத்துக்குப் பக்கத்தில். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் சாரதா மேனன் 1961-இல் இருந்து 1978 வரை அதற்குத் தலைமை வகித்தார். ஊர் அதை ஒரு வசைச்சொல்லாக ஆக்கிவைத்திருக்கிறது, உள்ளே புறநோயாளிகள் வரிசையில் நிற்பது நம்மைப் போன்றவர்கள்தான். அப்படியும் மனம் வரவில்லையா, ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கேயும் மனநலப் பிரிவு இருக்கிறது. ஓபி சீட்டை வாங்கிக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் நடந்தால் நீங்கள் காதுக்குப் போகிறீர்களா, கண்ணுக்குப் போகிறீர்களா என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை.

இன்றைக்கு ராத்திரியே தாங்க முடியவில்லை என்றால் 14416. டெலி மானஸ் என்ற அரசு சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். தற்கொலை எண்ணத்தோடு போராடுகிறவர்களிடம் பேசுவதற்காகவே 1986-இல் இருந்து சென்னையில் இருக்கும் சினேகாவின் எண் 044-24640050. அங்கே பேசுவது தன்னார்வலர்கள், புத்தி சொல்ல மாட்டார்கள், கேட்பார்கள். உயிர் ஆபத்து என்றால் 108.

கடைசியாக, முதல் அழைப்பில் எப்படி ஆரம்பிப்பது என்று பலர் என்னிடம் கேட்பார்கள். சின்ன வயசில் இருந்து கதையை யோசித்துவைத்துக்கொண்டு, அதைச் சொல்ல வாய் வராமல், "ஒண்ணும் இல்ல மேடம், சும்மா டென்ஷன்" என்று வைத்துவிட்டவர்கள் எத்தனையோ பேர். கதை மெதுவாக வரட்டும். போனை எடுத்ததும், "நான் இப்ப கடையில இருக்கேன், பக்கத்துல யாரும் இல்ல, ஒன்பது மணிக்கு வாட்ச்மேன் வந்துருவாரு" என்று மட்டும் சொல்லுங்கள்.